அந்தப் பாட்டை யாருடைய ஸ்கேலில் பாடுகிறோம்?

ஆராதனைக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் பாட்டுப் பட்டியலை அனுப்பியதும் முதலில் வரும் பதில், "அண்ணா, ஒரிஜினல் ஸ்கேலா?" என்பதுதான். கீபோர்டு வாசிக்கிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும், கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பதிவு செய்த பாடகர் எந்தச் சுருதியில் பாடினாரோ அதுதான் அந்தப் பாட்டுக்குச் சொந்தச் சுருதி, அதிலிருந்து இறக்கினால் பாட்டுக்கே ஏதோ குறை வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆராதனை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இதோடு தீராத வழக்கு உண்டு.

பாட்டுத் தேர்வைப் பற்றிச் சபைகளில் நிறையச் சண்டை நடக்கிறது. பழைய பாட்டா புதுப் பாட்டா, டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா, கை தட்டலாமா கூடாதா. சுருதியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. போட்டே ஆக வேண்டிய சண்டை ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பேன்.

பயிற்சி இல்லாத பெண்கள் கூட்டமாகச் சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லை, கீபோர்டின் நடுவில் வரும் சி சுரத்துக்கு, அதாவது நடு சி-க்குக் கீழே இருக்கும் ஏ-யில் தொடங்கி, மேல் சி-யைத் தாண்டிய டி வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு அதே சுரங்கள் ஒரு ஸ்தாயி (அதே பெயருள்ள சுரம் மறுபடி வரும் தூரம்) கீழே. மேலே இ-யைத் தொட்டுவிட்டு உடனே இறங்குவதில் பிரச்சினை இல்லை. அங்கேயே நான்கு வரி நிற்கச் சொன்னால்தான் தொண்டை மறுக்கும். இப்போது பிரபலமாகும் ஆராதனைப் பாடல்களைப் பதிவு செய்கிறவர்களில் பலர் உயர்ந்த குரல் உள்ள ஆண்கள். பல்லவியின் உச்சியில் ஜி, ஏ என்று போய் நிற்பார்கள். அவர்களுக்கு அது குரல் மின்னும் இடம். சபையில் இருக்கும் சராசரி ஆணுக்கு அது கத்தல். பெண்கள் பாடு இன்னும் மோசம். ஒரு ஸ்தாயி மேலே போனால் கீச்சிட வேண்டும், அவர் பாடும் அதே உயரத்தில் பாடினால் சரணம் முழுக்க முனகத்தான் முடியும். பாதிப் பேர் இரண்டையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மேடையில் இருந்து பார்த்தால் பக்திப் பரவசம் போலவே தெரியும்.

சரி, இறக்கிவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் இன்னொரு சிக்கல். சரணத்தைத் தாழ்வாக முணுமுணுத்துத் தொடங்கி, பல்லவியில் ஒரு ஸ்தாயி மேலே தாவும் பாட்டுகள் இப்போது அதிகம். ஆண்களின் கீழ் ஏ-யில் தொடங்கி ஜி வரை ஏறும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்தை டி-க்குக் கொண்டுவர ஐந்து அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக ஐந்து கட்டை) இறக்க வேண்டும். இறக்கினால் சரணத்தின் அடி, கிட்டாரில் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வருமே, அந்த இ-க்குப் போய் உட்கார்ந்துவிடும். அதைப் பாட முடிந்த ஆண்கள் சபைக்கு இரண்டு மூன்று பேர் தேறினால் அதிகம். இப்படிப்பட்ட பாட்டுக்கு எந்த ஸ்கேலும் பொருந்தாது. சரணத்தை ஒருவர் மட்டும் பாடி, பல்லவியில் எல்லோரும் சேரலாம். தாவுதலையே எடுத்துவிட்டு ஒரே ஸ்தாயியில் பாடலாம், பாட்டின் வேகம் அதைத் தாங்கினால். இல்லாவிட்டால் அந்தப் பாட்டைக் காரில் போகும்போது கேட்டுக்கொண்டு, ஆராதனைக்கு வேறு பாட்டு எடுக்கலாம். மூன்றாவது வழியைத்தான் அதிகம் எடுக்கிறேன். குழுவில் சிலருக்கு வருத்தம்தான்.

காலை ஆராதனை என்றால் இன்னும் ஓர் அரைச்சுரம் குறைப்பது நல்லது. தூங்கி எழுந்து வந்தவர்களின் குரல் முதல் பாட்டில் திறந்திருக்காது. அதனால்தான் முதல் பாட்டாக உச்சிக்குப் போகும் பாட்டை வைப்பதில்லை. எவ்வளவு உற்சாகமான பாட்டாக இருந்தாலும் மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிடுவேன்.

வாசிக்கிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. ஜி-யிலும் டி-யிலும் கை பழகிய கிட்டார்காரரிடம் ஏ ஃப்ளாட்டைக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? முதல் கட்டத்தில் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஜி வடிவங்களையே வாசித்தால் ஏ ஃப்ளாட் வந்துவிடும். பி ஃப்ளாட் என்றால் மூன்றாவது கட்டம். கீபோர்டுகாரர்களுக்கு ஸ்கேலை மாற்றித் தரும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டனைப் போல் ஆராதனைகளில் விபத்து உண்டாக்கியது வேறில்லை. முந்தின பாட்டுக்குப் போட்டதை மறந்து அடுத்த பாட்டின் முதல் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) அழுத்தும் அந்த ஒரு நொடி, கிட்டாரும் கீபோர்டும் இரண்டு கோயில்களில் வாசிப்பது போல் இருக்கும். அதைவிட எண் முறையைப் பழக்குவது மேல். ஸ்கேலின் முதல் கார்டு 1, நான்காவது 4 என்று எழுதிவிட்டால் எந்த ஸ்கேலுக்கு மாற்றினாலும் தாளைத் திருத்த வேண்டாம். நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1950-களின் பிற்பகுதியில் நீல் மாத்யூஸ் ஜூனியர் என்ற பாடகர் உருவாக்கிய முறை இது. பின்பாட்டுக் குழுவில் இருந்தவர். ஸ்கேலை மாற்றச் சொல்லிப் பாடகர் கேட்டால் அடுத்த நிமிடமே மாற்றியாக வேண்டிய வேலை அவர்களுடையது. நமக்கும் அதே வேலைதான்.

பாட்டைச் சபையின் வாயிலிருந்து எடுத்து மேடைக்குக் கொடுத்துவிடுவது இந்தக் காலத்து வியாதி என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது அப்படி ஒன்றும் புதிதில்லை. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கத்தின் 15-ஆம் விதி, நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் சபையில் பாடக் கூடாது என்கிறது. ஒழுங்குக்காகத்தான் கொண்டுவந்திருப்பார்கள். 1524-இல் அச்சான, சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் வழிவந்த சபையாரின் முதல் பாட்டுப் புத்தகத்தில் இருந்தவை எட்டே பாட்டுகள், மக்கள் மொழியில். 1761-இல் மெத்தடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி தன் சபையாருக்குப் பாடுவது எப்படி என்று சில குறிப்புகள் எழுதினார். எல்லோரும் பாடுங்கள், அரைத்தூக்கத்தில் பாடாதீர்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவர்களை அமுக்கிக் கத்தாதீர்கள், தாளத்தை விட்டு இழுக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் வழிபாட்டில் மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு முறையும் பாட்டு மேடைக்கு ஏறியிருக்கிறது, யாரோ கீழே இறக்கியிருக்கிறார்கள். அந்த எட்டுப் பாட்டுப் புத்தகம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். எட்டை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள், நாம் ஐந்நூறை வைத்துக்கொண்டு தடுமாறுகிறோம்.

இந்த எண்ணிக்கைக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து பாட்டு, வருடத்துக்கு 52 வாரம், ஆக மொத்தம் 260 இடங்கள். சபையின் பட்டியலில் 60 பாட்டு இருந்தால் ஒவ்வொன்றும் வருடத்துக்கு நான்கு தடவைக்குக் கொஞ்சம் மேலே வரும். 200 பாட்டு இருந்தால் ஒரு தடவைதான், அதற்கு மேல் கொசுறு. வருடத்துக்கு ஒரு தடவை கேட்ட பாட்டை யாரால் மனமாரப் பாட முடியும்? குழு மட்டும் ஒத்திகையில் பத்து தடவை பாடிவிட்டு, "இந்தப் பாட்டு பழசாகிவிட்டது" என்று சலித்துக்கொள்ளும். மக்கள் அப்போதுதான் இரண்டாவது சரணத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருப்பார்கள். மேடையில் இருப்பவர்களுக்குச் சலிப்பு வரும்போதுதான் கீழே இருப்பவர்களுக்கு ருசி வருகிறது.

அதனால் மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு போதும். முதல் வாரம் காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடட்டும், மெட்டு காதில் விழும். அடுத்த இரண்டு வாரம் எல்லோரும் பாடலாம். ஒரு வாரம் இடைவெளி விட்டு மறுபடி எடுத்தால், பிடித்ததா இல்லையா என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும், நாமே எழுதிய பாட்டாக இருந்தாலும். எந்தத் தேதியில் எந்தப் பாட்டு, எந்த ஸ்கேல், எங்கே சபை தடுமாறியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். நினைவை நம்பிப் போனால் நமக்குப் பிடித்த பத்துப் பாட்டே சுற்றிச் சுற்றி வரும்.

அந்த நோட்டைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். துதி, வெற்றி, நன்றி, மறுபடி துதி. புலம்பலுக்கு இடமே இருக்காது. ஆனால் 150 சங்கீதங்களில் வகைவகையாகப் பிரித்தால் அதிகம் இருப்பவை புலம்பல்கள்தான். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்கும் 13-ஆம் சங்கீதம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் வெளிச்சத்துக்கு வராமல் இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு ஆறுதல் வரியை ஒட்டிவிடவில்லை. சபையில் ஒரு வீட்டில் துக்கம் நடந்த வாரத்தில், முதல் பாட்டுக்கே எல்லோரையும் எழுப்பிக் கை தட்டச் சொல்லும் பட்டியலை மாற்றாமல் விடுவது எனக்குக் கொடுமையாகப் படும். மெதுவான ஒரு பாட்டு, மன்றாட்டாக ஒரு பாட்டு, அப்புறம் நம்பிக்கை. வேகப் பாட்டை அடுத்த வாரம் பாடிக்கொள்ளலாம்.

வேத பகுதியையும் பிரசங்கத் தலைப்பையும் போதகர் எவ்வளவு சீக்கிரம் தருகிறாரோ அவ்வளவுக்குப் பட்டியல் உருப்படும். சனிக்கிழமை ராத்திரி தலைப்பு வந்தால், ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஒரு பக்கமும் பிரசங்கம் ஒரு பக்கமுமாகத்தான் போகும். திருச்சபை ஆண்டையும் வாசிப்பு அட்டவணையையும் பின்பற்றும் சபைகளில் இந்தத் தொல்லை இல்லை. மூன்று வருடச் சுழற்சியில் எந்த ஞாயிற்றுக்கு எந்த வாசிப்பு என்று முன்கூட்டியே தெரியும். அவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்.

ஒலியைப் பற்றி. மக்கள் பாடுவதை நிறுத்துவதற்கு ஸ்கேலுக்கு அடுத்த காரணம் இது. பக்கத்தில் இருப்பவர் குரலும் தன் குரலும் காதில் விழாவிட்டால், பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றுதான் என்று மனிதனுக்குத் தோன்றிவிடும். ஆளே இல்லாத அறையில் பாடவும் வெட்கம் வரும், இரைச்சலில் பாடவும் அலுப்பு வரும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் மிக்சரில் உட்காருகிறவரின் கலை. காதின் நலனுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் பரிந்துரை. 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான் மிச்சம். நம் பாட்டு நேரமே அரை மணி.

சத்தம் கூடுவதற்குப் பாதிக் காரணம் மேடையிலேயே இருக்கிறது. டிரம்ஸ் அடிப்பவர் ஓங்கி அடிக்கிறார், கிட்டார்காரருக்குத் தன் வாத்தியம் கேட்கவில்லை, மானிட்டரை (மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர்) ஏற்றச் சொல்கிறார், பாடகர்கள் தங்கள் மானிட்டரை ஏற்றச் சொல்கிறார்கள், கடைசியில் மைக் ஊளையிடுகிறது. மிக்சர்காரர் மேல் பழி விழும். ஏற்றச் சொல்வதற்குப் பதிலாக மற்றதை இறக்கச் சொல்லிப் பழக்க வேண்டும். அதைவிட முக்கியம், எல்லோரும் எல்லா நேரமும் வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைப்பது. பேஸ் கிட்டார் இருக்கும்போது கீபோர்டுக்காரரின் இடது கை சும்மா மடியில் இருக்கலாம். இரண்டும் அடிச்சுரத்தில் உருண்டால் சேறுதான் மிஞ்சும். இரண்டு கிட்டார் இருந்தால் ஒருவர் கேப்போ போட்டு மேலே போகட்டும். ஒரு சரணத்தில் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குரல் மட்டும் விட்டுப் பாருங்கள். சபை பாடிக்கொண்டிருந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும். முதல் தடவை சில சபைகளில் பயங்கரமான அமைதி வரும். வரட்டும், தெரிந்துகொள்வது நல்லது.

குழுவை நடத்துவது பாட்டை நடத்துவதைவிடக் கஷ்டம். நன்றாக வாசிக்கிறவர் ஒத்திகைக்கு வரமாட்டார், தவறாமல் வருகிறவருக்குச் சுருதி நிற்காது. இரண்டாவது ஆளிடம் உண்மையைச் சொல்வது முதல் ஆளைக் கண்டிப்பதைவிடச் சங்கடம், அதனாலேயே பல சபைகளில் சொல்லாமல் மைக்கை மட்டும் அணைத்து வைக்கிறார்கள். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பாடவிட்டு ஏமாற்றுவதைவிட, தனியாகக் கூப்பிட்டு, "பாட்டில் இப்போதைக்கு வேண்டாம், இந்த வேலையில் நீங்கள் வேண்டும்" என்று சொல்வது மரியாதை. ஸ்லைடு போடுவதற்குப் பாட்டு தெரிந்த, நிதானமான ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது நடத்துகிறவர்களுக்குத் தெரியும். வரியின் கடைசிச் சொல் முடியும் முன்பே அடுத்த ஸ்லைடு வந்தாக வேண்டும். அரை நொடி பிந்தினால் முந்நூறு பேர் வாயடைத்து நிற்பார்கள். அந்த ஆள் குழுவில் ஒருவர்தான், ஒத்திகைக்கும் வர வேண்டும்.

முறை வைத்து ஆட்களை மாற்றுவதற்கு வேதத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1 நாளாகமம் 25-இல் ஆசாப், ஏமான், எதுத்தூன் வீட்டாரில் பாட்டுப் பழகியவர்கள் 288 பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக 24 வகுப்புகள். பெரியவன் சிறியவன் என்றும், ஆசான் மாணாக்கன் என்றும் பார்க்காமல் சீட்டுப் போட்டு முறை பிரித்தார்கள் என்றிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அதே ஐந்து பேர் நிற்கிற சபைகளில் இதைப் படித்துக்காட்ட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது கீபோர்டுக்காரர் தன் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆராதிக்கட்டும். மாற்று ஆள் இல்லையே என்பார்கள். இடம் காலியானால்தான் மாற்று ஆள் வருவார்.

ஒத்திகையில் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப வாசிப்பது நேர விரயம். கார்டுகளை வீட்டிலேயே பழகிவிட்டு வர வேண்டும். கூடியிருக்கும் நேரம் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்தப் பத்து நொடிக்கும்தான். சபையில் தடுமாற்றம் நடப்பதெல்லாம் அங்கேதான். ஜி-யில் முடிந்த பாட்டுக்கு அடுத்து சி-யில் ஒரு பாட்டு என்றால் கீபோர்டு தானாகவே நழுவிப் போய்விடும். ஜி-யிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்கு என்றால் நடுவில் ஜெபமோ வாசிப்போ வைத்துவிடலாம். திரும்பப் பல்லவிக்குப் போக ஒரு சைகை, கடைசி வரியை மறுபடி பாட ஒரு சைகை, முடிக்க ஒரு சைகை. மூன்று போதும், ஆனால் எல்லோரும் ஏறிட்டுப் பார்க்க வேண்டும். டிரம்ஸ்காரத் தம்பி கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவராக இருந்தால் இந்தச் சைகைகளால் பயனில்லை.

நடத்துகிறவர்களுக்கு ஒன்று. பாட்டுக்கு நடுவில் பேசுவதைக் குறையுங்கள். பாட்டு சொல்லப்போவதையே நாம் முன்னால் ஒருமுறை விளக்கி, பாடிய பிறகு இன்னொருமுறை விளக்கினால், பிரசங்கத்துக்கு முன்பே ஒரு சின்னப் பிரசங்கம் ஆகிவிடுகிறது. "சத்தமாப் பாடுங்க, கேக்கல!" என்று அதட்டுவதும் வேண்டாம். கேட்காததற்குக் காரணம் அநேகமாக நம் ஸ்கேலும் நம் ஸ்பீக்கரும்தான்.

திரையில் வரிகளைப் போடுவதற்கும், ஆராதனையை நேரலையாக ஒளிபரப்புவதற்கும் பதிப்புரிமை அனுமதி வேண்டும், இரண்டும் தனித்தனி. பாட்டு உரிமம் வழங்கும் சிசிஎல்ஐ போன்ற நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் என்று ஏராளமான பாட்டுகளுக்கு இதைத் தருகின்றன. பாட்டு எழுதுகிறவர்கள் நம் சகோதரர்கள்தான், அவர்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

புதிதாக நடத்தப் பழகுகிறவர்களை நான் முதலில் மேடையில் ஏற்றுவதில்லை. ஒரு மாதம் வாத்தியமில்லாமல் கடைசி வரிசையில் உட்காரச் சொல்கிறேன். எந்த வரியில் பக்கத்து ஆட்கள் பாடுவதை நிறுத்துகிறார்கள், எந்த இடத்தில் பெண்கள் குரலை மாற்றுகிறார்கள், திரை தூணுக்குப் பின்னால் மறைகிறதா, இதையெல்லாம் குறித்துக்கொண்டு வர வேண்டும். மேடையில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்குத் தெரியாத சங்கதிகள் அந்தக் குறிப்புகளில் வரும். "அண்ணா, கடைசி மூணு வரிசைக்குப் பாட்டு வார்த்தையே புரியல, இடதுபக்க ஸ்பீக்கர் சுவரைப் பாத்து நிக்குது" என்று வந்து சொன்னார் ஒரு பெண். போய்ப் பார்த்தால் உண்மைதான். அன்றைக்கே ஏணி போட்டுத் திருப்பினோம்.